எம்.எல்.ஏ.விடம் எதைக் கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்

ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் 19 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவன் நான். நோய்க் காலத்தில் தொகுதி அலுவலகத்தால் என்ன செய்ய முடியும் என்று உங்கள் கேள்விகளைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 2021 மே மாதத்தைப் பற்றியவை. எங்கள் எம்.எல்.ஏ.வை அன்று கூப்பிட்டது போலவே இங்கும் 'அண்ணன்' என்றே எழுதுகிறேன்.

கேள்வி: கொரோனா இரண்டாம் அலையில் அப்பாவுக்கு ஆக்சிஜன் படுக்கை வேண்டும் என்று எங்கள் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் ஒரு பகல் முழுக்க நின்றோம். கிடைக்கவில்லை. அவர் மனது வைத்திருந்தால் கிடைத்திருக்கும்தானே ஐயா?
*– வாசகர், மன்னார்குடி*

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். உங்கள் எம்.எல்.ஏ.வுக்காக நான் பேச முடியாது. எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

2021 மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த வாரம் எங்களிடம் இருந்த மூன்று போன்களும் சார்ஜில் போட்டபடியே பேசிக்கொண்டிருந்தன. எம்.எல்.ஏ.வால் படுக்கையை உண்டாக்க முடியாது. ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவருக்கு இடம். மருத்துவமனை டீனுக்கோ, மாவட்ட மருத்துவமனைகளைப் பார்க்கும் இணை இயக்குநருக்கோ (ஜே.டி.) உத்தரவு போடும் அதிகாரமும் அவருக்கு இல்லை. அவர் கூப்பிட்டால் போனை எடுப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் அது சின்ன விஷயமும் இல்லை. எங்கே காலி, எங்கே வரிசை, எந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் லாரி வந்து இறங்கியிருக்கிறது என்று ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை விசாரித்துச் சொல்ல முடிந்தது.

முதல் சில நாட்கள் நாங்கள் ஒரு தவறு செய்தோம். கட்சிக்காரர் ஒருவரின் மைத்துனருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 95, ஆபத்தில்லாத அளவுதான். பயந்துபோயிருந்தார்கள், அதனால் கூப்பிட்டுச் சொன்னோம், சேர்த்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு பெண் பேசினார். அவர் அம்மாவுக்கு 82. அதே ஆஸ்பத்திரியில் இப்போது இடம் இல்லை என்றார்கள். அந்த அம்மாவை 40 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊரில் சேர்த்தோம், பிழைத்துக்கொண்டார். பிழைக்காமல் போயிருந்தால் எங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன்.

அன்று இரவு அண்ணன் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். பெயர், ஊர், யார் சொல்லி வந்தவர் என்று கோடு போட்டு வைத்திருந்தேன். "தம்பி, நாளையிலிருந்து ஆக்சிஜன் எவ்வளவுன்னு முதல்ல எழுது. பேரைக் கடைசியா எழுது. யார் சொன்னாங்கங்கிற கட்டமே வேணாம்" என்றார். ஸ்கேலை வைத்துப் புதிதாகக் கோடு போட்டேன். முதல் கட்டத்தில் ஆக்சிஜன் அளவு, இரண்டாவதில் எத்தனை மணிக்குப் பார்த்தது, மூன்றாவதில் வயது, சர்க்கரை உண்டா இல்லையா, கடைசியில்தான் பெயர். அப்புறம் அந்த நோட்டை மேலிருந்து கீழே படித்தாலே யாருக்காக முதலில் பேச வேண்டும் என்று தெரிந்தது.

உங்கள் அப்பாவுக்குக் கிடைத்திருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வாசலில் நிற்க வைத்தது தவறு. இல்லை என்றால் இல்லை என்று பத்து நிமிடத்தில் சொல்லியிருந்தால் நீங்கள் வேறு இடம் தேடியிருப்பீர்கள்.

இனி இப்படி ஒரு நிலை வந்தால் முதலில் 108. ஆலோசனைக்கு 104. எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் பேசும்போது "சீரியஸா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அளவைச் சொல்லுங்கள், பார்த்த நேரத்தைச் சொல்லுங்கள், நோயாளி இப்போது எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள்.

கேள்வி: எம்.எல்.ஏ.வுக்கு வருடம் 3 கோடி ரூபாய் வருகிறதே, அதில் ஆளுக்கு ஓர் ஆம்புலன்ஸ் வாங்கிவிட்டால் என்ன?
*– வாசகர், தருமபுரி*

தொகுதி மேம்பாட்டு நிதி அவர் கைக்கு வராது. இந்த வேலை செய்யுங்கள் என்று அவர் பரிந்துரைப்பார். கலெக்டர் அனுமதி, மதிப்பீடு, டெண்டர் என்று அது அதன் வழியில் போகும். வண்டி வாங்குவதும் கஷ்டமில்லை. டிரைவர் சம்பளமும் டீசலும் மாதாமாதம் யார் தருவது? டிரைவர் இல்லாமல் டயர் இறங்கி நிற்கும் ஆம்புலன்ஸை நான் பார்த்திருக்கிறேன். வட்டார ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே ஆள் இருக்கும் இடத்துக்கு ஒரு கருவி வாங்கிக் கொடுத்தால், மறுநாளே அது வேலை செய்யும்.

கேள்வி: எங்கள் கிராமத்தில் 20 பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. எம்.எல்.ஏ. வந்தார், ஆறுதல் சொன்னார், பிஸ்கட் கொடுத்தார், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார். வேறு என்ன எதிர்பார்க்கலாம்?
*– வாசகி, விருத்தாசலம்*

நிறைய எதிர்பார்க்கலாம் அம்மா. முதலில் ஒன்று, எந்தக் குழாய்த் தண்ணீர் என்று கண்டுபிடிக்க வைப்பது. பொது சுகாதாரத் துறையின் மாவட்ட அதிகாரி ஆட்களை அனுப்புவார். ஆனால் தொட்டியும் குழாயும் ஊராட்சியுடையவை. அதற்கு வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) வர வேண்டும். இந்த இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் ஒரே தெருவில் நிற்க வைப்பதுதான் எம்.எல்.ஏ.வால் முடிகிற காரியம்.

எங்கள் தொகுதியிலும் ஒரு காலனியில் இப்படி ஆனது. தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கு, நோட்டிலும் எழுதியிருந்தது. அண்ணன் தொட்டிக்குக் கீழே நிற்காமல் கடைசித் தெருவின் கடைசிக் குழாய்க்கு நடந்தார். சுகாதார ஆய்வாளர் குளோரோஸ்கோப் குப்பியில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்தை விட்டார். குளோரின் இருந்தால் மஞ்சளாக மாற வேண்டும். குப்பி வெள்ளையாகவே இருந்தது. தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் நல்ல மஞ்சள். அப்படியானால் நடுவில் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது. தோண்டிப் பார்த்தால் சாக்கடைக்குள்ளேயே வீட்டு இணைப்பு ஒன்று கசிந்துகொண்டிருந்தது.

அடுத்த முறை உங்கள் எம்.எல்.ஏ. வந்தால் கடைசிக் குழாய்க்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே குறைந்தது 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் இருக்க வேண்டும். குப்பியைக் கையில் வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதைப் போட்டோ எடுத்தாலும் சரி, நல்லதுதான்.

கேள்வி: நோய் பரவும் நேரத்தில் எம்.எல்.ஏ.க்கள் வீட்டுக்குள் இருப்பது கோழைத்தனம் இல்லையா?
*– வாசகர், வேலூர்*

சேப்பாக்கம்–திருவல்லிக்கேணி தொகுதியின் உறுப்பினர் ஜெ.அன்பழகன் 2020 ஜூன் 10 அன்று கொரோனாவால் இறந்தார். அன்று அவருக்கு 62வது பிறந்த நாள். நிவாரணப் பணிகளில் இருந்தவர். அந்தச் செய்தி வந்த அன்று அண்ணனின் மனைவி அலுவலகத்துக்கே வந்து, வாசலில் கயிறு கட்டச் சொல்லிவிட்டுப் போனார். கட்டினோம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மக்கள், இந்தப் பக்கம் நாங்கள். வேலை ஒன்றும் நிற்கவில்லை. தூரத்தில் இருப்பதைக் கோழைத்தனம் என்று சொல்லாதீர்கள். போனை அணைத்துவிட்டுப் போனவர் யாராவது இருந்தால் அவரைக் கேளுங்கள்.

கேள்வி: நோய் அடங்கிவிட்டால் எம்.எல்.ஏ. அலுவலகத்தின் வேலையும் முடிந்துவிடுகிறதா?
*– வாசகி, சங்கரன்கோவில்*

எங்களுக்கு உண்மையான வேலை அப்புறம்தான் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் கொரோனாவில் இழந்த குழந்தைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம் என்று தமிழக அரசு அறிவித்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, இறந்தவர்களின் குடும்பத்துக்கு 50,000 ரூபாயும் வந்தது. அறிவிப்பு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காகிதம்தான் யாரிடமும் இல்லை.

ஒரு பெண் தன் இரண்டு பிள்ளைகளோடு வந்தார். கணவரின் சான்றில் இறப்புக்குக் காரணம் நிமோனியா என்று மட்டும் இருந்தது. தொற்று உறுதியான 30 நாட்களுக்குள் இறந்திருந்தால் கொரோனா மரணமாகக் கொள்ளலாம் என்று விதி இருந்தது. ஆனால் உறுதியானதற்கு ஆதாரம் வேண்டும். பரிசோதனைச் சீட்டு இல்லை. "எஸ்.எம்.எஸ். வந்திருக்குமேம்மா" என்று கேட்டேன். "அவர் போன்ல வந்திருக்கும் சார். அதை நான் இன்னும் தொடல" என்றார்.

மறுநாள் அந்தப் போனை ஒரு கைக்குட்டையில் சுற்றிக் கொண்டு வந்தார். எங்கள் அலுவலகத்தில் சார்ஜ் போட்டோம். பெரிய பையன் பூட்டைத் திறந்தான். எஸ்.எம்.எஸ். இருந்தது. தேதியிலிருந்து எண்ணிப் பார்த்தால் பதினேழாவது நாள் இறப்பு. கொரோனா மரணமா என்று முடிவு செய்யும் மாவட்டக் குழுவுக்கு மனு எழுதினோம். அண்ணன் தன் கடிதத்தை மேலே வைத்தார். அதற்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு முறை கலெக்டர் அலுவலகத்தில் அந்த மனுவின் எண்ணைச் சொல்லி விசாரித்தேன். நான்காவது மாதம் பணம் அவர் கணக்குக்கு வந்தது. வங்கிப் புத்தகத்தில் அந்த வரியைப் பதித்து, அண்ணனிடம் காட்ட நேரில் வந்தார். போனை மட்டும் திரும்பக் கைக்குட்டையிலேயே சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.