தாயின் மனச்சோர்வு, குழந்தையின் வளர்ச்சி: கேள்வி-பதில்

கே: பிரசவமாகி நாலாம் நாளிலிருந்து அழுகை அழுகையாக வருகிறது. இது மனச்சோர்வா?

ப: இந்த அழுகை பாதித் தாய்மாருக்கு மேல் வரும், இரண்டு வாரத்தில் அடங்கும். அடங்காவிட்டால், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ வினாப்பட்டியலை நிரப்புங்கள். பத்துக் கேள்வி, மொத்தம் 30 மதிப்பெண். பதின்மூன்றைத் தொட்டால் மருத்துவரைப் பாருங்கள். பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே போங்கள்.

கே: மனைவிக்கு மனச்சோர்வு. குழந்தை பேசவில்லை. அவளால்தானே?

ப: குழந்தைக்கு என்ன வயது? அதை எழுதாமல் பழியை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பத்து மாதத்தில் பேசாதது இயல்பு. இரண்டு வயதில் இரண்டு சொல் சேராவிட்டால் காட்ட வேண்டும். சோர்ந்த தாய் குறைவாக, ஏற்ற இறக்கமில்லாமல் பேசுவதால் மொழி பிந்தலாம். ஆனாலும் முதலில் காதைச் சோதியுங்கள்.

கே: தாய்ப்பால் கொடுப்பதால் மனச்சோர்வு மாத்திரையான செர்ட்ராலினை நானே நிறுத்திவிட்டேன். சரிதானே?

ப: சரியில்லை. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. செர்ட்ராலின் பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. பால் குடிக்கும் குழந்தையின் இரத்தத்தில் பெரும்பாலும் அளக்கக்கூட அகப்படாது. குழந்தை அளவுக்கு மீறித் தூங்கினாலோ, பால் குடிக்காமல் எடை ஏறாவிட்டாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். குறைமாதக் குழந்தையென்றால் முன்பே சொல்லுங்கள். சட்டென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும், நோயும் திரும்பலாம். நோய் திரும்பினால் குழந்தைக்கு என்ன ஆகும்? அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் 1970களில் செய்த சோதனையில், கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சில நிமிடம் முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, குரல் கொடுத்தது. பதில் வராததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சில நிமிடத்துக்கே இப்படி. மாதக்கணக்கில் பதில் வராவிட்டால் குழந்தை கூப்பிடுவதையே குறைத்துக்கொள்ளும். பாலில் கலக்கும் துளி மருந்துக்குப் பயந்து இதை வரவழைக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கே: நாள் முழுக்கக் கொஞ்ச முடியவில்லையே?

ப: யாராலும் முடியாது. நலமான தாயும் பிள்ளையும்கூட மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஒத்துப்போகிறார்கள். துணி மாற்றும்போது ஐந்து நிமிடம் போதும். முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்து, குழந்தை எழுப்பும் ஒலியையே திருப்பிச் சொல்லி, ஐந்து எண்ணும் வரை காத்திருங்கள். முகம் திருப்பினால் விட்டுவிடுங்கள்.

கே: மகனுக்கு எட்டு வயது. காலம் கடந்துவிட்டதா?

ப: இல்லை. 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், மருந்தால் மூன்று மாதத்தில் குணமான தாய்மாரின் 7 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடமும் மனநலக் கோளாறுகள் குறைந்தன. உங்கள் சிகிச்சையைத் தொடங்குங்கள்.

கே: அப்பா என்ன செய்யலாம்?

ப: இரவில் ஒருவேளைப் பாலை நீங்கள் புகட்டி, அவரை நாலைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க விடுங்கள். அப்பாக்களிலும் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. நீங்களும் கவனித்துக்கொள்ளுங்கள்.