ப்ரைமா, ஜூமா? பறவைப் படம் எடுப்பவர்களுக்குச் சில பதில்கள்

கேள்வி: நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருக்கிறேன். அடிக்கடி வேடந்தாங்கல் போவேன். 200-500 மி.மீ. ஜூம் லென்ஸ் வாங்கலாமா, 500 மி.மீ. பி.எஃப். (எடை குறைந்த வகை) ப்ரைமா?

பதில்: ஜூமில் நெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம், ப்ரைம் ஒரே அளவில் நிற்கும். இரண்டுமே எஃப் 5.6 (லென்ஸ் திறப்பின் அளவு, எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்) என்பதால் வெளிச்சத்தில் வித்தியாசம் இல்லை. எடையில்தான் இருக்கிறது. ஜூம் ஏறக்குறைய 2.3 கிலோ, ப்ரைம் 1.46 கிலோ. கையில் பிடித்தபடி பறவையைத் தொடர ப்ரைம்தான் சுகம். ஆனாலும் வேடந்தாங்கலுக்கு நான் ஜூமைத்தான் சொல்வேன். கரையில் நிற்கும்போது மஞ்சள்மூக்கு நாரை கூட்டுக்கான குச்சியைக் கவ்விக்கொண்டு தலைக்கு மேலேயே வரும். 500-இல் பார்த்தால் அலகும் குச்சியும் அழகாக இருக்கும், இரண்டு இறக்கை நுனிகளும் வெட்டுப்பட்டிருக்கும். குச்சியில் ஒட்டியிருக்கும் இலை முதல் விரித்த இறக்கை வரை முழுசாக வேண்டுமென்றால், சட்டென்று 250-க்கு இறங்கத்தான் வேண்டும்.

கேள்வி: அப்போது 600 எஃப் 4 ப்ரைமுக்கு அவ்வளவு விலை எதற்கு அண்ணா?

பதில்: வெளிச்சத்துக்குத்தான் தம்பி. வால்பாறைக் காட்டில் விடிகாலை, மர நிழலில் இருவாச்சி உட்கார்ந்திருக்கிறது. 600 எஃப் 6.3 ஜூமில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு அளவு, கூடினால் படம் புள்ளிபுள்ளியாகும்) 4000 வைக்க வேண்டிய இடத்தில், எஃப் 4-இல் 1600 போதும். இரண்டரை மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. கறுப்பு இறகின் இழைகள் தெரிவதும் சேறாகிப் போவதும் அங்கேதான் முடிவாகிறது. பின்னணியும் இன்னும் மென்மையாகக் கரையும். ஆனால் 3 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டும். வெயிலில் திறந்த ஏரியில் மட்டுமே எடுப்பவருக்கு இந்தச் செலவு வேண்டாம்.

கேள்வி: 150-600 ஜூமில் 1.4 கன்வெர்ட்டர் (நெருக்கத்தை 1.4 மடங்காக்கும் இணைப்பு) போடலாமா?

பதில்: வேண்டாம். 840 எஃப் 9 ஆகிவிடும், ஃபோகஸ் தடுமாறும். பக்கத்தில் போகப் பாருங்கள், கூட்டை மட்டும் நெருங்காதீர்கள்.

கேள்வி: என் ஜூம் 600-இல் மங்கலாகத் தெரிகிறது. விற்றுவிட்டு ப்ரைம் வாங்கட்டுமா?

பதில்: எந்த நேரத்தில் எடுத்தீர்கள்? பதினொரு மணிக்கு மேல் தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று சூடாகி அலையடிக்கும், அதில் எந்த லென்ஸும் மங்கும். காலை ஏழு மணிக்குப் பத்து மீட்டரில் ஒரு மைனாவை எடுத்துப் பாருங்கள். அதுவும் மங்கினால் லென்ஸைச் சந்தேகிக்கலாம். அப்புறம், போன வருடப் படங்களில் எந்த ஃபோகல் லெங்த் (250, 600 போன்ற மி.மீ. எண்) அதிகம் என்று எண்ணுங்கள். பத்துக்கு ஒன்பது 600 என்றால், தைரியமாக ப்ரைம் பக்கம் போங்கள்.