தனுஷ்கோடியில் கடற்காகம் பார்க்க…

கேள்வி: சாமநத்தம் கண்மாயில் நாரைகளைப் பார்த்துப் பழகிய நாங்கள், ஐப்பசி இறுதியில் தனுஷ்கோடிக்குச் செல்கிறோம். பழுப்புத்தலைக் கடற்காகத்தை எப்படி அடையாளம் காண்பது?
– வாசகர், மதுரை.

பதில்: இந்தப் பருவத்தில் தலையில் பழுப்பு நிறத்தைத் தேட வேண்டாம். திபெத்தியப் பீடபூமியிலும் நடு ஆசியாவிலும் இனப்பெருக்கக் காலத்தில் அவை பூண்டிருக்கும் அந்நிறம், குளிர்காலத்தைக் கழிக்க நம் கரைக்கு வரும்போது மறைந்து, வெண்தலையில் கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டுமே எஞ்சியிருக்கும். எனவே பறக்கும்போது சிறகைக் கவனியுங்கள்: முதிர்ந்த பறவையின் கரிய சிறகு நுனியில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும், உருவில் ஒத்திருக்கும் கருந்தலைக் கடற்காகத்துக்கு அத்திட்டு கிடையாது. மணலில் ஆலா என்னும் கடற்பறவைகளோடு அமர்ந்திருக்கும் கூட்டத்தைப் படத்துக்காக விரட்டாதீர்கள்; நெடுந்தொலைவு பறந்து வந்த பறவைகளுக்கு ஓய்வு மிக அவசியம். தொலைநோக்கியுடன் அதிகாலையிலேயே செல்லுங்கள்.