கேள்வி–பதில்: கொழும்பு நிகழ்ச்சிகளுக்கு ஒரு கைபேசிச் செயலி

கச்சேரி, பெரஹரா, நூல் வெளியீடு, தேர், இப்தார் என்று கொழும்பில் நடப்பவற்றை ஒரே இடத்தில் காட்டும் செயலி செய்ய முனைவோர் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: மூன்று மொழியிலும் செயலி செய்திருக்கிறோம். ஆங்கிலத்தில் தேடினால் வருகிற நிகழ்ச்சி தமிழில் தேடினால் வருவதில்லை. மொழிபெயர்ப்பு சரியாகத்தான் இருக்கிறது. எங்கே பிழை? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: மொழிபெயர்ப்பை விடுங்கள், எழுத்தைப் பாருங்கள். ‘கொழும்பு’ நமக்கு நான்கு எழுத்து. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் அது எட்டுக் குறியீடு. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரு விசைப்பலகை ஒரே குறியீடாக இடும், இன்னொன்று கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக இடும். அப்போது அதே சொல் ஒன்பது குறியீடாகிவிடும். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடலுக்கோ இரண்டும் வேறு வேறு சொற்கள். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்.எஃப்.சி. என்ற யூனிகோட் ஒழுங்காக்க முறையில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இது தீரும்.

‘ஸ்ரீ’ மட்டும் இதற்கு மசியாது. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், அதிகம் புழங்காத ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். என்.எஃப்.சி. இரண்டையும் ஒன்றாக்காது, தேடல் அட்டவணையில் நீங்களே இணைக்க வேண்டும். கோயில் பெயர்களில் பாதிக்கு முன்னால் ‘ஸ்ரீ’ நிற்கிற ஊரில் இதைத் தள்ளிப்போட முடியாது. சிங்களத்தில் அதே சொல்லை எழுதக் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி வேண்டும். தேவையற்ற குறிகளை நீக்குகிறோம் என்று நிரல் அதையும் துடைத்துவிட்டால் எழுத்து உடைந்து நிற்கும். தேடல் அட்டவணையில் நீக்கலாம், சேமித்த மூலத்தில் கைவைக்கக் கூடாது.

அடுத்தது பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பழைய எழுத்துரு. அழைப்பிதழ் அடிக்கும் அச்சகங்களில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. அங்கிருந்து வெட்டி ஒட்டினால் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகளாக வந்து விழும். தமிழ்ப் பெட்டியில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லாமல் சொல் நடுவே அரைப்புள்ளிகள் கிடந்தால், அது பாமினி என்று ஊகித்து யூனிகோடுக்கு மாற்றி, “இதுதானா?” என்று அனுப்பியவரிடமே காட்டுங்கள். பிழைச் செய்தி காட்டித் திருப்பி அனுப்பினால் அடுத்த முறை சுவரொட்டியைப் படமாக அனுப்புவார். படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடலுக்கு அகப்படாது.

கடைசியாக, இடப்பெயர். புறக்கோட்டை சிங்களத்தில் பிட்டகொட்டுவ, ஆங்கிலத்தில் பெட்டா. புதுக்கடை அங்கே அளுத்கடே, ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோர்ப். ஒலிபெயர்ப்பு நிரல் எதுவும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகாது. ஓர் இடத்துக்கு ஓர் எண் கொடுத்து, மூன்று மொழிப் பெயர்களையும், பேச்சுவழக்கையும், ‘கொழும்பு 12’ போன்ற அஞ்சல் வலய எண்ணையும் அதன்கீழ் கையால் சேருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

கேள்வி: நோன்புப் பெருநாள், பௌர்ணமிப் போயா, புத்தாண்டு, ஆடிவேல் எல்லாவற்றையும் ஒரே நாட்காட்டியில் போட்டோம். ஒவ்வொன்றாகப் பிழைக்கிறது. டொரொன்டோவில் இருந்து பார்ப்பவர்களுக்குப் போயா ஒரு நாள் முந்தித் தெரிகிறது. (பம்பலப்பிட்டி வாசகி)

பதில்: டொரொன்டோவை முதலில் முடிப்போம். முழுநாள் நிகழ்ச்சியை யு.டி.சி. (உலகப் பொது நேரம்) நள்ளிரவு என்று சேமித்திருப்பீர்கள். அந்நேரம் கனடாவில் முந்தின நாள் மாலை. நேரமில்லாத நாளை வெறும் திகதியாகவே சேமியுங்கள். வலய மாற்றம் அதைத் தொடவே கூடாது. நேரமுள்ள நிகழ்ச்சிக்கு ‘ஏஷியா/கொழும்பு’ என்ற வலயப் பெயரைக் குறியுங்கள். ஐந்தரை மணி என்று எண்ணாகப் பதித்தால், 2006 ஏப்ரலில் நாட்டின் நேரம் மாறியதுபோல் இன்னொருமுறை மாறினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும்.

போயா முன்கூட்டியே அறிவிக்கப்படும் விடுமுறை, அதில் சிக்கலில்லை. ஆனால் அன்று மதுபான விற்பனைக்குத் தடை இருப்பதால், கட்டண இசை நிகழ்ச்சிக்கு அந்தத் திகதியைத் தெரிவுசெய்யும் ஏற்பாட்டாளருக்குப் படிவத்திலேயே ஒரு வரியில் நினைவூட்டுங்கள்.

பெருநாள் அப்படியல்ல. மாதத்தின் 29ஆம் நாள் மாலை பிறை பார்த்து, கொழும்பு பெரிய பள்ளிவாசலில் கூடி அறிவிக்கிறார்கள். அதனால் திகதிப் பெட்டிக்குப் பக்கத்தில் ‘எதிர்பார்க்கப்படுகிறது’, ‘உறுதி’ என்ற இரு நிலை கட்டாயம் வேண்டும். காலை ஆறு மணிக்கு “பெருநாள் வாழ்த்து” போகும்படி முன்னரே பொருத்திவைத்த அறிவித்தல், பிறை தெரியாத ஆண்டில் நோன்பு பிடித்திருப்பவரின் கைபேசியில் ஒலிக்கும். உறுதி நிலைக்கு மாறிய பிறகே அறிவித்தல் கிளம்ப வேண்டும்.

புத்தாண்டில் நாள் ஒன்றானாலும் வருடப்பிறப்பு நேரம் வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒன்று, திருக்கணிதத்தில் ஒன்று. சிங்கள நெக்கத் (சுபநேரம்) தனி. எது சரி என்று செயலி தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒரே நிகழ்ச்சிக்குக் கீழே, எந்தக் கணிப்பு என்ற பெயருடன் பல நேரங்களை வைக்க இடம்விடுங்கள்.

ஆடிவேலின் தொல்லை திகதி மட்டுமல்ல, அது ஓரிடத்தில் நில்லாததும்தான். செட்டியார் தெருவில் புறப்படும் வேல் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வருகிறது. வரைபடத்தில் ஒற்றைப் புள்ளி குத்தினால், வழியில் நின்று கும்பிட வருபவருக்கும் பயனில்லை, அன்று பஸ்ஸில் போகிறவருக்கும் பயனில்லை. கோடாக வரைந்து, சந்திகளில் ‘ஏறத்தாழ இத்தனை மணி’ என்று குறியுங்கள். கங்காராமை நவம் பெரஹராவுக்கும் இதே முறைதான்.

கேள்வி: பதிவுசெய்யும்போதே இனம், மதம் கேட்டால் பொருத்தமான நிகழ்ச்சிகளைக் காட்டலாம் அல்லவா? (தெமட்டகொட வாசகர்)

பதில்: கேட்க வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவற்றை விசேட வகைத் தரவாகப் பார்க்கிறது, வைத்திருப்பதே சுமை. சட்டத்தை விட்டாலும் கணக்குப் பிழைக்கும். ஜூன் 13இல் கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவில் நிற்பவர்கள் கத்தோலிக்கர் மட்டுமா? வெசாக் பந்தல் பார்க்கப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிவருவோர் எல்லோரும் பௌத்தரா? மதத்தை வைத்து வடிகட்டினால் இவர்களுக்கு இரண்டையும் மறைத்துவிடுவீர்கள்.

கேட்க வேண்டியதை ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: நிகழ்ச்சி எந்த மொழியில், மொழிபெயர்ப்பு உண்டா, அனுமதி இலவசமா, உணவு மரக்கறியா, ஹலாலா, தொழ இடம் உண்டா, செருப்பு, மேற்சட்டை கழற்ற வேண்டுமா, படியில்லாமல் சக்கர நாற்காலி போகுமா, முடிந்து போக பஸ் இருக்குமா. வடிகட்டியும் இவற்றில்தான் அமைய வேண்டும்.

பதிவுப் படிவத்தில் ‘முதற்பெயர், குடும்பப்பெயர்’ என்ற இரு கட்டாயப் பெட்டிகளையும் எடுத்துவிடுங்கள். தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைப்பவருக்கு இரண்டாவது பெட்டியில் எழுத ஒன்றுமில்லை. பெயருக்கு ஒரே பெட்டி போதும்.

கேள்வி: மொழி தெரிவுக்குக் கொடிப் படம் வைக்கலாமா? (வத்தளை வாசகி)

பதில்: வேண்டாம். சிங்களத்துக்கு நம் கொடியும் தமிழுக்கு இந்தியக் கொடியும் வைத்தால் என்ன சொன்னதாகும் என்று யோசியுங்கள். மொழியின் பெயரை அந்தந்த எழுத்திலேயே எழுதுங்கள். பட்டியலைச் செம்மஞ்சள், பச்சை என்று சமூகவாரியாக வண்ணம் பிரிப்பதும் இதே வகைத் தவறு. தேசியக் கொடியின் பட்டைகளை அறிந்தவர் உடனே கணக்குப் போட்டுவிடுவார்.

கேள்வி: தமிழுக்கு மாற்றினால் தலைப்பு பாதியில் வெட்டுப்படுகிறது, பொத்தான் பிதுங்குகிறது. (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: குறியீட்டை எண்ணி வெட்டுகிறீர்கள். ஏழாவதில் வெட்டினால் ‘கொழும்பு’ ‘கொழும்ப’ ஆகும். எழுத்துக் கூட்டாக எண்ணும் வசதி இப்போதைய நிரல்மொழிகளில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். பொத்தானுக்கு நிலையான அகலம் கொடாதீர்கள். வரி உயரம் எழுத்தளவின் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும், இல்லாவிட்டால் மேல்வரியின் உகரக் கீழ்வளைவு கீழ்வரியின் இகர விசிறியில் முட்டும். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கும் சிங்களத்துக்கும் 70தான், அதுவும் குறியீட்டுக் கணக்கில். தாண்டினால் இரண்டு செய்திக்குக் காசு. ஆகவே நிகழ்ச்சிப் பெயர், நாள், இடம் மூன்றோடு நிறுத்துங்கள்.

சொற்களையும் ஒருமுறை பாருங்கள். இயந்திர மொழிபெயர்ப்பு ‘காலி சாலை’, ‘ரம்ஜான்’, ‘ரூபாய்’ என்று தரும். இங்கே காலி வீதி, நோன்புப் பெருநாள், ரூபா. கத்தோலிக்கருக்குத் திருப்பலி, மற்றச் சபைகள் பலவற்றில் ஆராதனை. இப்படி ஒரு சொற்பட்டியலை அந்தந்தச் சமூகத்தவரிடம் காட்டித் திருத்திவாங்கிய பிறகே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள்.