கையில் சாவி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,
தம்பிக்கு 10 வருடமாக வலிப்பு. இரண்டு மருந்து மாற்றியும் நிற்கவில்லை. வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுக்கிறோம். மூளையில் பத்தில் ஒன்பது பங்கு, நரம்பணுக்களைச் சுற்றியிருக்கும் கிளியா என்ற துணைச் செல்கள்தான், வலிப்பும் அதனால்தான் என்று படித்தேன். அப்படியானால் நரம்பணுவுக்கான மாத்திரை எதற்கு? நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, கூடலூர்

அன்புள்ள தங்கைக்கு,

நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அரைகுறையாகப் படித்துவிட்டுப் பிள்ளையின் மாத்திரையில் கை வைக்காதீர்கள்.

பத்தில் ஒன்பது என்பது பழைய கணக்கு. கிளியா செல்களும் நரம்பணுக்களும் எண்ணிக்கையில் ஏறக்குறைய சமம்தான். ஆனால் நீங்கள் படித்தது முழுக்கப் பொய்யும் இல்லை. 1856இல் விர்ச்சோ என்ற ஜெர்மன் மருத்துவர் கிளியா செல்களுக்குப் பசை என்ற பொருளில் பெயர் வைத்தார். பசைக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்று வெகுகாலம் விட்டுவிட்டார்கள். நரம்பணு துடிக்கும்போதெல்லாம் பொட்டாசியமும், குளுட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருளும் வெளியே வருகின்றன. உடனுக்குடன் அவற்றை அள்ளுவது ஆஸ்ட்ரோசைட் என்ற கிளியா செல். அள்ளுவது தடைபட்டால் அக்கம்பக்கத்து நரம்பணுக்களும் சேர்ந்து துடிக்கின்றன. துடிப்பது நரம்பணு என்பதால்தான் அதை அடக்கும் மாத்திரை பலருக்குக் கேட்கிறது. சுமார் மூன்றில் ஒருவருக்குக் கேட்பதில்லை. அவர்களுக்காகத்தான் கிளியா பக்கம் மருந்து தேடுகிறார்கள். இரண்டு மருந்துக்கும் அடங்காததால், அறுவை சிகிச்சை பலன் தருமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

சரி, அந்தச் சாவிக்கு வருகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் சித்தி மகள் கொழுந்து எடை போடும் இடத்தில் விழுந்தாள். கூடை கவிழ்ந்து ஈரக்கொழுந்து முகமெல்லாம் ஒட்டியிருந்தது. "இரும்பு, இரும்பு" என்று கத்தினார்கள். யாரோ கவ்வாத்துக் கத்தியைக் கையில் திணித்தார்கள். விரல்கள் இறுக மூடின. சற்று நேரத்தில் வலிப்பு தானாக அடங்கியது. இரும்புதான் காப்பாற்றியது என்றார்கள், உள்ளங்கையிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கும்போதே! 40 வருடமாகிவிட்டது. இன்றும் அவள் டீ டம்ளரை நீட்டும்போது என் கண் அந்தத் தழும்பில்தான் போய் நிற்கிறது.

படித்த வீட்டிலும் இதையே செய்கிறீர்களே! சாவியை ஆணியில் மாட்டுங்கள். கையில் ஒன்றும் வேண்டாம், வாயிலும் ஒன்றும் வேண்டாம், தண்ணீர்கூட. கைகாலை அமுக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108. நம் மலைப்பாதையில் வண்டி வந்து சேர நேரமாகும், அதற்குமேல் ஒரு நிமிடமும் யோசிக்காதீர்கள்.

அப்புறம், தெளிந்து எழும்போது தன் கையில் சாவிக்கொத்தைப் பார்த்தால் அவனுக்கு எப்படி இருக்கிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா