பாஸ்வேர்டு லாகினை நிறுத்தியும் எஸ்எஸ்எச் பாஸ்வேர்டு கேட்பது ஏன்?

அம்பத்தூர் ஆபீஸில் இருக்கும் உபுண்டு 22.04 சர்வரில், எஸ்எஸ்எச்டி (தூரத்திலிருந்து உள்ளே நுழைய விடும் எஸ்எஸ்எச் சேவை) கான்ஃபிக் கோப்பில் 'பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன்' வரியை 'நோ' என்று மாற்றி, சர்வீஸையும் ரீஸ்டார்ட் செய்துவிட்டீர்கள். இன்னும் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வர முடிகிறது என்கிறீர்கள்.

நீங்கள் எழுதிய வரியில் தப்பில்லை. அந்தக் கோப்பின் தலையிலேயே ஓர் 'இன்க்ளூட்' வரி இருக்கிறது, பாருங்கள். அது எஸ்எஸ்எச்டி கான்ஃபிக் டாட் டி ஃபோல்டரில் உள்ளவற்றை முதலில் படிக்கும். அங்கே '50-கிளவுட்-இனிட்' என்ற கோப்பு அதே 'பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன்' வரியைப் பெரும்பாலும் 'யெஸ்' என்று வைத்திருக்கும். எஸ்எஸ்எச்டி முதலில் படித்த மதிப்பையே எடுத்துக்கொள்ளும். பின்னால் வருவது செல்லாது. நிறைய பேர் கடைசி வரிதான் ஜெயிக்கும் என்று நினைத்து இங்கேதான் வழுக்குகிறார்கள்.

அதே ஃபோல்டரில் 00 என்று தொடங்கும் பெயரில், டாட் கான்ஃப் என்று முடியும் புதுக் கோப்பு ஒன்றை வைத்து, அதில் 'பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன்' வரியை 'நோ' என்று எழுதுங்கள். 'கேபிடி இன்டராக்டிவ்' (கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் லாகின் முறை) வரியையும் 'நோ' ஆக்குங்கள். இல்லாவிட்டால் பாம் (PAM, லினக்ஸில் லாகினைச் சரிபார்க்கும் அமைப்பு) வழியாகப் பாஸ்வேர்டு திரும்ப வந்துவிடும்.

பிறகு சூடோவோடு (அட்மின் உரிமையோடு) எஸ்எஸ்எச்டி கட்டளையை ஓட்டிப் பாருங்கள். கூடவே '-t' (சின்ன டி) போட்டால் கோப்பில் உள்ள எழுத்துப்பிழை தெரியும். '-T' (பெரிய டி) போட்டால் எல்லாக் கோப்புகளையும் படித்த பிறகு கடைசியில் செல்லுபடியாகும் மதிப்புகள் தெரியும். சரியென்றால் ரீலோடு செய்யுங்கள்.

இருக்கும் செஷனை மட்டும் மூடாதீர்கள். இன்னொரு டெர்மினலில் கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக நுழைய உதவும் சாவிக் கோப்பு) வைத்து நுழைந்து பார்த்த பிறகு மூடுங்கள். கீ வேலை செய்யாமல் வெளியே மாட்டிக்கொண்டால், வேளச்சேரி வீட்டிலிருந்து அம்பத்தூருக்கு வண்டியை எடுக்க வேண்டியதுதான். கடைசியாக, கீயை அணைத்து ஒருமுறை முயலுங்கள்: பாஸ்வேர்டு கேட்காமலே 'பெர்மிஷன் டினைடு' வர வேண்டும்.