கணினி கேள்வி–பதில்: மலையூருக்கு லினக்ஸ்

கேள்வி: எங்கள் பகுதியில் இணையம் மிக மெதுவாக இருக்கிறது, பழைய மடிக்கணினிக்கு இலவச இயங்குதளம் பெறுவது எப்படி? – வாசகர், ஏற்காடு.

பதில்: லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை அதன் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி இருக்குமாதலால், சேலத்திற்கு இறங்கும்போது வேகமான இணைப்புள்ள உறவினர் வீட்டில் பதிவிறக்கி, அங்கேயே ரூஃபஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் எழுதி எடுத்து வாருங்கள். அதில் முன்பிருந்தவை அழிந்துவிடும், வெறுமனே நகலெடுத்து ஒட்டினாலோ கணினி அதிலிருந்து தொடங்காது. கணினி தொடங்கும்போது எஃப்12 விசையை, சிலவற்றில் எஃப்9 விசையை, அழுத்திப் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், வன்தட்டில் நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கலாம். வைஃபையும் ஒலியும் சரியாக இயங்கிய பிறகே நிறுவுங்கள்.